பனிக்காலத்தில் முட்டைக்கோழி: கூட்டை இறுக்கி மூடலாமா?

கேள்வி: குடிவந்து முதல் பனிக்காலம். பின்பக்கத் தோட்டத்தில் ஆறு முட்டைக்கோழி இருக்கு. ராத்திரி மைனஸ் 15 வரை இறங்குமாம். கூட்டை நாலு பக்கமும் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, உள்ளே சூட்டு பல்பு மாட்டிடலாமா?

பதில்: தம்பி, ரெண்டுமே வேண்டாம். கோழியின் உடல் சூடு 41 டிகிரி பக்கம். இறகை உப்பி உட்கார்ந்தால் அந்தச் சூடு வெளியே போகாது. நன்றாக இறகு மூடிய, வளர்ந்த கோழிக்கு வறண்ட குளிர் பெரிய விஷயமே இல்லை. அதைப் படுத்துவது ஈரம். ஆறு கோழியின் மூச்சும் எச்சமும் ராத்திரி முழுக்க நீராவி விடும். கூட்டை அடைத்தால் அந்த ஆவி கூரையின் அடிப்பக்கம் பனியாய்ப் படிந்து, காலையில் உருகி முதுகில் சொட்டும். கொண்டை உறைந்து கறுப்பதும் பெரும்பாலும் இந்த ஈரக் காற்றால்தான்.

அதனால் காற்றுவழி மேலே இருக்கட்டும். கூரை விளிம்புக்குக் கீழே, எதிரெதிர்ப் பக்கங்களில், அடைந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே. கோழிக்கு ஒரு சதுர அடி திறப்பு என்று கணக்கு வையுங்க. அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டிக் கம்பிவலையை அடியுங்க. அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், எலியையும் மரநாயையும் வெளியே வைக்காது. கீழே, கோழி உட்காரும் மட்டத்தில் மட்டும் காற்று அடிக்கக் கூடாது. டிஷ்யூ தாளை நாடா மாதிரி கிழித்து, கோழி ராத்திரி அடையும் கட்டையின் உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்க. படபடவென்று ஆடினால் எங்கேயோ இடுக்கு இருக்கு, அதைத் தேடி அடைங்க.

சூட்டு பல்பு 250 வாட். மரச்சீவல், இறகுத் தூசி, சிலந்தி வலை எல்லாம் சேர்ந்த இடத்தில் அது கழன்று விழுந்தால் கூடே எரியும். விழாவிட்டாலும், சூட்டுக்குப் பழகின கோழி, கரன்ட் போகிற ராத்திரியில் தாங்காது.

கோழி அடையும் கட்டையையும் பாருங்க. ரெண்டுக்கு நாலு அங்குலச் சட்டத்தை அகலப் பக்கம் மேலாகப் படுக்கவைத்தால், கோழி தன் வயிற்று இறகாலேயே விரலை மூடிக்கொள்ளும். ஒல்லிக் கம்பில் விரல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இரும்புக் குழாய் கூடவே கூடாது. கோழிக்கு 8 முதல் 10 அங்குல இடம். முட்டையிடும் பெட்டியைவிடக் கட்டை உயரமாக இருக்கணும், இல்லையென்றால் பெட்டியிலேயே அடைந்து எச்சம் போட்டு வைக்கும்.

தரைக்கு ஆழ்கூளம் போடுங்க. மரச்சீவல் அரை அடி போட்டு ஆரம்பித்து, மேலே மேலே சேர்த்து, பனி முடிவதற்குள் ஒரு அடி வரட்டும். வாரம் ரெண்டு தடவை கிளறிவிடுங்க. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்க: கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. கட்டைக்கு அடியில்தான் முதலில் கட்டிதட்டும். கூட்டுக்குள் குனிந்து, கோழியின் உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்க. கண் எரிந்தால் அது அம்மோனியா. நின்றபடி முகர்ந்தால் தெரியாது.

இன்னொரு பதில்: மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் முதல் பனிக்காலத்தில் பலர் தடுமாறுவது தண்ணீரில். கோழி ஒன்றுக்கு நாளைக்குக் கால் லிட்டர் என்று வையுங்க, ஆறுக்கு ஒன்றரை லிட்டர். அரை நாள் பனிக்கட்டியைக் கொத்திக்கொண்டு நின்றால் தீவனம் தின்பதும் குறையும், முட்டையும் பல நாளுக்குக் குறைந்துவிடும். மின்சாரம் எட்டும் இடமென்றால், உறைநிலை நெருங்கும்போது தானே ஓடும் சூட்டுத் தட்டு வாங்கி அதன்மேல் பாத்திரத்தை வையுங்க. சில தட்டுகள் உலோகப் பாத்திரத்துக்கு மட்டும்தான், அட்டையில் படித்துவிடுங்க. ஒயரைக் கோழி கொத்தாதபடி குழாய்க்குள் விட்டு, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச் வழியாக எடுங்க. மின்சாரம் இல்லையா? கறுப்பு ரப்பர் தொட்டி ரெண்டு போதும். ஒன்று உறைந்தால் கவிழ்த்து மிதித்தால் கட்டி கழன்றுவிடும். பிளாஸ்டிக் என்றால் வெடிக்கும். இருட்டில் கோழி தண்ணீர் குடிக்காது, அதனால் ராத்திரி பாத்திரத்தை வீட்டுக்குள் எடுத்துவிடுங்க. கூட்டில் ஈரமும் குறையும்.

தீவனம் கோழிக்கு 120 கிராம் என்பது 140 வரை ஏறும். உடைத்த மக்காச்சோளத்தைச் சாயங்காலம் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுங்க, ராத்திரி முழுக்கச் செரித்துச் சூடு தரும். ஆறு கோழிக்கும் சேர்த்து 80 கிராம் தாண்ட வேண்டாம். அதிகமானால் புரதம் குறைந்து கொழுப்புதான் ஏறும். தரை பனியில் மூடிவிட்டால் பொடிக்கல் கிடைக்காது, தனிக் கிண்ணத்தில் வையுங்க. கிளிஞ்சல் வேறு, பொடிக்கல் வேறு. முதலாவது முட்டை ஓட்டுக்கு, ரெண்டாவது இரையை அரைக்கும் வயிற்றுப் பைக்கு.

கேள்வி: நன்றி அண்ணா. இப்பவே முட்டை குறைந்துவிட்டது. நோயா?

பதில்: கூட்டில் இறகு கொட்டிக் கிடக்கா பாருங்க. இறகு உதிர்க்கும் காலமென்றால் ரெண்டு மூன்று மாதம் முட்டை நிற்கும். இறகே பெரும்பாலும் புரதம், அதனால் அதுவரை 16 சதவீதப் புரதத் தீவனத்துக்குப் பதில் 18–20 சதவீதம் கொடுங்க. கிளிஞ்சல் தனியாக இருக்கட்டும்.

இறகு உதிரவில்லை என்றால் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு. நன்றாக முட்டையிட நாளைக்கு 14 மணி நேர வெளிச்சம் வேணும். டைமர் போட்ட சின்ன எல்.இ.டி. பல்பு போதும், கோழி நிற்கும் இடத்தில் செய்தித்தாள் எழுத்து படிக்க முடிந்தால் சரி. கூடுதல் வெளிச்சத்தை விடியற்காலையில் கொடுங்க. சாயங்காலம் 4.30-க்கு இருட்டினால், விடிகாலை 2.30-க்கே பல்பு எரியணும். ராத்திரியில் பல்பு சட்டென்று அணைந்தால், கட்டை ஏறாத கோழி தரையிலேயே தவிக்கும். ஒரே நாளில் 14-க்குத் தாவாதீங்க, வாரம் அரை மணி நேரம் கூட்டினால் போதும். 20 வாரம் ஆகாத விடைக்கோழிக்கு இதைச் செய்யாதீங்க, உடம்பு தேறுவதற்குள் முட்டையிட்டு ஆசனவாய் தள்ளிவிடும். வெளிச்சமே கூட்டாமல் பனி முடியும்வரை ஓய்வு கொடுப்பதும் தப்பில்லை, முட்டை குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: ஒரு கோழிக்குக் கொண்டை நுனி வெளுத்திருக்கு.

பதில்: உறைபனிக் கடி. தேய்க்காதீங்க, ஹேர் டிரையர் பிடிக்காதீங்க. உறையாத இடத்தில் வைத்து மெல்லச் சூடாக விடுங்க. நுனி சில நாளில் கறுக்கும். கறுத்ததை வெட்ட வேண்டாம், அடியில் இருக்கும் சதைக்கு அதுதான் மூடி, தானே உதிரும். வீங்கினாலோ நாற்றம் வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. வாஸ்லின் தடவி நிறுத்திக்கொள்ளாமல் நாளைக் காலையே கூரையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்க. கை நனைந்தால் மேலே திறப்பு போதவில்லை.