காலேஜ் லேபுக்கு நல்ல நெட் கனெக்ஷன், கிராண்ட் பத்தி தெரிஞ்சவங்க உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு எய்டட் காலேஜ்ல பயோடெக் டிபார்ட்மெண்ட்ல இருக்கேன், எங்க பிஎச்டி பசங்க என்சிபிஐ-ல (அமெரிக்க அரசோட மரபணு டேட்டாபேஸ்) இருந்து டிஎன்ஏ சீக்வென்ஸ் டேட்டா இறக்கணும்னா ராத்திரி பூரா லேப்லயே உக்காந்திருக்காங்க, போன வாரம் ஒரு பொண்ணு 40 ஜிபி ஃபைல் பாதில நாலு தடவை கட் ஆகி, கடைசில ஹார்ட் டிஸ்க்க தூக்கிட்டு அவங்க அண்ணன் ஆபீஸ்க்கே போயி இறக்கிட்டு வந்துச்சு. பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு.

2010-ல 5,990 கோடில நேஷனல் நாலெட்ஜ் நெட்வொர்க்னு கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள வேகமான நெட்ல இணைக்கிற திட்டத்த மத்திய அரசு கொண்டு வந்தாங்க, பெரிய இன்ஸ்டிட்யூட்டுக்கெல்லாம் ஃபைபர் போயிருச்சு, எங்கள மாதிரி காலேஜ் இன்னும் வெளியதான் நிக்குது. டிஎஸ்டி-யோட (மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை) ஃபிஸ்ட்ங்கற கிராண்ட் ஸ்கீம்ல நெட்வொர்க்கிங்க்கும் கேக்கலாம், அதுல போடலாம்னு இருக்கோம்.

யாராச்சும் அதுல நெட்வொர்க்கிங்க்குனு வாங்கியிருக்கீங்களா? கேம்பஸ் உள்ள ஸ்விட்ச், கேபிள், வைஃபை ஓகே, ஆனா மாசா மாசம் கட்டுற லீஸ்டு லைன் (நமக்குனு தனியா குடுக்குற நெட் லைன்) வாடகைய எந்த பட்ஜெட் ஹெட்ல காட்டுனீங்க? கிராண்ட் முடிஞ்சப்புறம் அந்த பில்ல யாரு கட்டுறாங்க, மேனேஜ்மெண்ட்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கிட்டீங்களா? பழைய ப்ரொபோசல் இருந்தா பட்ஜெட் பக்கம் மட்டும் காட்டுனா கூட போதும், பெரிய உதவியா இருக்கும்ங்க.