என்கவுன்ட்டரில் ஒருவர் இறந்த பிறகு நடக்க வேண்டிய விசாரணை என்ன?

கெடிலக்கரை (கடலூர்) கேட்கிறார்:

2025 ஏப்ரலில் கடலூரை ஒட்டிய நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநர்களைத் தாக்கி வழிப்பறி செய்ததாகத் தேடப்பட்ட புதுச்சேரி இளைஞர் ஒருவர் போலீசாரால் சுடப்பட்டு இறந்தது இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். பிடிக்கச் சென்றபோது அவர் அரிவாளால் தாக்கினார் என்றும், தற்காப்புக்காகவே சுட நேர்ந்தது என்றும் காவல்துறை அப்போதே தெரிவித்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் எங்கே இப்படி ஒரு சம்பவம் நடந்தாலும், திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் காலையில் கூடும் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு தரப்பு "சரியாகத்தான் செய்தார்கள்" என்கிறது. மறு தரப்பு "கதை எப்போதும் ஒன்றாகவே இருக்கிறதே" என்கிறது. இரண்டு தரப்பும் செய்தித்தாளில் முதல் நாள் வந்த பத்தியைத் தாண்டி எதையும் படித்ததில்லை, ஏனென்றால் இரண்டாம் நாளுக்குப் பிறகு படிக்க எதுவும் வருவதில்லை.

இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்ற வாதத்தை இங்கே எழுப்ப நான் விரும்பவில்லை. சுட்டது சரியா தவறா என்பதைச் சட்டப்படி முடிவு செய்ய வேண்டியவர் யார், அவர் எந்தக் கட்டத்தில் அதைச் செய்கிறார், அந்த முடிவு எங்களைப் போன்ற சாதாரண ஆட்களின் கண்ணில் எப்போதாவது படுமா என்பதே என் கேள்வி. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர் எழுதுகிறார்:

நீங்கள் கேட்பதற்கு உச்ச நீதிமன்றமே நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் மகாராஷ்டிர அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதா, நீதிபதி ரோஹிண்டன் நாரிமன் ஆகியோர் 16 வழிகாட்டு நெறிகளை வகுத்து, அவை அரசமைப்புச் சட்டத்தின் 141ஆம் பிரிவின் கீழ் நாடெங்கும் கட்டுப்படுத்தும் சட்டமாகும் என்று அறிவித்தனர். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் இறந்தால் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவு செய்து தாமதமின்றி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். விசாரணையை சி.ஐ.டி. எனும் குற்றப் புலனாய்வுத் துறை நடத்த வேண்டும், இல்லையென்றால் வேறொரு காவல் நிலையத்தின் குழு, சுட்ட குழுவின் தலைவரைவிடக் குறைந்தது ஒரு படி மேலான அதிகாரியின் மேற்பார்வையில் நடத்த வேண்டும். சுட்ட துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்கள் செய்ய, அது வீடியோவில் பதிவாக வேண்டும். வீரச்செயல் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படும்வரை பதக்கமோ முறைமீறிய பதவி உயர்வோ கொடுக்கக் கூடாது.

நடைமுறையில் சிக்கல் முதல் படியிலேயே தொடங்குகிறது. பெரும்பாலும் பதிவாகும் எஃப்.ஐ.ஆர். இறந்தவர் மீதுதான் இருக்கும்: போலீசாரைக் கொல்ல முயன்றார் என்று. அந்த வழக்கின் ஒரே எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், இறந்துவிட்டதால், சில மாதங்களில் அதை முடித்துவிடச் சொல்லி நீதிமன்றத்தில் அறிக்கை தாக்கலாகும், கட்டு மூடப்படும். ஒரு மனிதர் எப்படி உயிரிழந்தார் என்ற கேள்வி எந்த வழக்குக் கட்டிலும் கேள்வியாகவே எழுவதில்லை. 2009இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைத்தான் சுட்டிக்காட்டி, தற்காப்பு என்பது விசாரணையில் நிறுவப்பட வேண்டிய வாதம், வழக்கே பதியாமல் தவிர்ப்பதற்கான காரணமாகாது என்று கூறியது.

அடுத்து மாஜிஸ்திரேட் விசாரணை. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 196ஆம் பிரிவு. துப்பாக்கிச்சூட்டு மரணம் ஒவ்வொன்றிலும் இது கட்டாயம். அறிக்கை உரிய நீதித்துறை நடுவருக்குப் போக வேண்டும். இங்கே ஒரு நுணுக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. தேடிப் பிடிக்கும்போது சுடப்பட்டால் வழக்கமாக நிர்வாக நடுவரான கோட்டாட்சியர் விசாரிப்பார். ஆனால் ஏற்கெனவே பிடிபட்ட ஒருவரை, மறைத்து வைத்த ஆயுதத்தைக் காட்ட அழைத்துச் சென்ற இடத்தில் சுட்டார்கள் என்றால், அவர் காவலில் இருந்தவர். அது காவல் மரணம். அதை நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும். எனவே செய்தியைப் படிக்கும்போது "தேடிச் சென்றபோது" என்றிருக்கிறதா, "அழைத்துச் சென்றபோது" என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் மேற்கோள் காட்டும் இன்னொரு விதி, கைது செய்யும்போது மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்ல போலீசுக்கு உரிமையில்லை என்பது. வழிப்பறியில் காயம் ஏற்படுத்துவதற்கு ஆயுள் தண்டனை வரை இருப்பதால், கடலூர் போன்ற சம்பவங்களில் அந்த விதியை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுவது பலன் தராது. அப்போதும் சுட்டது அவசியமாக இருந்ததா, தற்காப்பின் எல்லைக்குள் நின்றதா என்பது தனியாகத் தீர்க்கப்பட வேண்டிய கேள்விதான்.

பண்ருட்டி லாரிக்காரர் எழுதுகிறார்:

வழக்கறிஞர் ஐயா சொன்னதை முழுவதும் படித்தேன். மறுக்க எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் எங்கள் தரப்பையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பலா சீசனில் பண்ருட்டியிலிருந்து இரவு லோடு கிளம்பும் ஓட்டுநர், கண் சொருகினால் சாலையோரம் வண்டியை ஓரங்கட்டி, கேபினில் துண்டை விரித்துப் படுக்கிறார். சட்டைப்பையில் டீசலுக்கும் சுங்கச்சாவடிக்கும் கொடுத்த பணம், தலைமாட்டில் செல்போன். விடிவதற்குள் கதவைத் தட்டி, திறந்தவுடன் வெட்டுகிறார்கள். எங்களிடம் ஓட்டும் ஒருவருக்கு இப்படி வெட்டுப்பட்டதில் வலது கை விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. கியர் போட முடியாதவர் இப்போது செட்டில் காவலுக்கு இருக்கிறார். அவரை வெட்டியவர்கள் பிடிபட்டார்கள், ஜாமீனில் வந்தார்கள், வாய்தா மேல் வாய்தா போகிறது. ஒரு நாள் நீதிமன்றத்துக்குப் போனால் அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. இந்த நிலைமையில் ஓட்டுநர்கள் போலீசுக்குக் கை தட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். பிடிபட்டவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வரும் படத்தைப் பார்த்து ஊரே சிரிக்கிறது என்றால், நீதிமன்றத்தின் மேல் அதற்கு நம்பிக்கை தளர்ந்துவிட்டது என்றுதானே பொருள்?

பாகூர் ஆசிரியை எழுதுகிறார்:

லாரிக்காரர் ஐயாவின் கோபம் நியாயமானது, அந்த ஓட்டுநருக்கு நடந்ததும் கொடுமையானது. ஆனால் கை தட்டுபவர்கள் ஒரு நிபந்தனையோடுதான் கை தட்டுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்: இறந்தவர் நம்மவராக இருக்கக் கூடாது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 பேரை அம்மாநிலப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். கல்லும் அரிவாளும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்பதுதான் அங்கேயும் சொல்லப்பட்ட விளக்கம். அன்று தமிழ்நாட்டில் எந்தத் தேநீர்க் கடையிலாவது அந்த விளக்கத்தை யாராவது அப்படியே ஏற்றார்களா? எல்லாக் கட்சிகளும் சுதந்திரமான விசாரணை கேட்டன, மறு பிரேதப் பரிசோதனை கேட்டன. கேட்டது சரி. அதே விளக்கத்தை நம் போலீசார் சொல்லும்போது மட்டும் விசாரணை வேண்டும் என்பவரை "ரவுடிக்கு வக்காலத்து வாங்குகிறாயா" என்கிறோம்.

2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவர் வல்லுறவுக்குள்ளாகிக் கொலை செய்யப்பட்ட வழக்கில், கைதான நான்கு பேரும் அதிகாலையில் சுடப்பட்டபோது மக்கள் போலீசார் மீது பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளிவந்தது. துப்பாக்கியைப் பறித்தார்கள் என்ற கதையை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்துடனே சுட்டிருக்கிறார்கள் என்று அது முடிவு செய்தது. நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது. பூ தூவியவர்கள் அந்த அறிக்கையைப் படித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்து நிலைமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாகூர் கொம்யூனில் ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு கடலூர் மாவட்டம் என்று நிலம் பின்னிக் கிடக்கிறது. புதுச்சேரிப் பையன் ஆற்றைத் தாண்டிச் சுடப்பட்டால் அவன் தாய் வேறொரு அரசின் அலுவலகங்களில் ஏறி இறங்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பது ஒன்றுதான் ஆறுதல். இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கு உடனே தகவல் தர வேண்டும் என்பதும் அந்த 2014 நெறிகளில் ஒன்று. தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்ட தாய்மார்களுக்கு யார் பதில் சொல்வது?

ஓய்வு உதவி ஆய்வாளர் எழுதுகிறார்:

காக்கி உடுத்தியவன் ஒருவனும் இங்கே பேசட்டும். இரவில், கரும்புக் கொல்லையில், டார்ச் வெளிச்சத்தில் அரிவாளோடு ஒருவன் பாய்ந்தால் "முழங்காலுக்குக் கீழே சுட்டிருக்கலாமே" என்பது உட்கார்ந்து சொல்வதற்கு எளிது. ஓடி வருபவனின் காலைக் குறிபார்த்து அடிக்குமளவுக்குப் பயிற்சி எங்களில் பலருக்குக் கிடையாது; ஆண்டுக்கு ஒரு முறை சுடுதளத்தில் அட்டையைச் சுட்டுவிட்டு வருகிறோம். உண்மையான தற்காப்புச் சூடு உண்டு, அதில் வெட்டுப்பட்ட காவலர்களும் உண்டு.

ஆனால் ஆசிரியை அம்மா சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். பரபரப்பான கொலை ஒன்று நடந்து, தொலைக்காட்சியில் "சட்டம் ஒழுங்கு எங்கே" என்று ஓடத் தொடங்கினால், மேலிருந்து வரும் அழைப்புகளின் தொனியே மாறிவிடும். எழுத்தில் எதுவும் வராது. பின்னால் ஆணையம் அமைந்து அறிக்கை வந்தால் அதில் பெயர் இருப்பது துப்பாக்கியைப் பிடித்தவனுக்கு. தொலைபேசியைப் பிடித்தவருக்கு இருப்பது அரிது. ஆகவே எஃப்.ஐ.ஆர். பதிவதும் வெளியார் விசாரிப்பதும் போலீசுக்கு எதிரானவை என்று என் பழைய சகாக்கள் நினைப்பதை நான் ஏற்பதில்லை. நேர்மையாகச் சுட்டவனுக்குத் துப்பாக்கிச் சோதனையும் காயச் சான்றிதழும்தான் கடைசிவரை துணை. பக்கத்து நிலையத்து நண்பர் எழுதித் தரும் அறிக்கை யாருடைய சந்தேகத்தையும் தீர்க்காது.

நெய்வேலியிலிருந்து போனவன் (அமெரிக்கா) எழுதுகிறார்:

நான் வாழும் நாட்டில் இந்த விவாதம் வேறு உருவில் நடக்கிறது. 2015இல் தென் கரோலினாவின் நார்த் சார்ல்ஸ்டனில் வண்டியை நிறுத்திச் சோதித்த போலீஸ்காரர் ஒருவர், தன் மின்னதிர்வுக் கருவியைப் பறித்ததால் சுட்டேன் என்றார். வழிப்போக்கர் ஒருவர் செல்போனில் எடுத்த படத்தில், அந்த மனிதர் முதுகைக் காட்டி ஓடுவதும் பின்னாலிருந்து சுடப்படுவதும் தெரிந்தன. போலீஸ்காரருக்குப் பின்னர் 20 ஆண்டுச் சிறை கிடைத்தது. படம் கிடைத்திருக்காவிட்டால் முதல் நாள் அறிக்கையே வரலாறாகியிருக்கும்.

மாறான உதாரணமும் உண்டு. 2014இல் ஃபெர்குசனில் இளைஞர் ஒருவரைச் சுட்ட அதிகாரி மீது வழக்குத் தொடர, சாட்சியங்களைக் கேட்ட குடிமக்கள் குழு மறுத்தது. கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகமும் தொடரவில்லை. மக்கள் கொதித்தார்கள். ஆனால் அந்தச் சாட்சியங்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களாக வெளியிடப்பட்டன. ஒத்துக்கொள்ளாதவர்களும் எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கம் காட்டிப் பேச முடிந்தது. கெடிலக்கரை ஐயாவின் தேநீர்க் கடைக்குக் கிடைக்காமல் இருப்பது அந்தப் பக்கங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கெடிலக்கரை மீண்டும் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. நெய்வேலி நண்பர் சொன்ன அந்தப் பக்கங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியுமா, வழக்கறிஞர் ஐயா?

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர் எழுதுகிறார்:

கேட்கலாம். அறிக்கையின் நகலை முதலிலேயே கேட்டால், விசாரணைக்கு இடையூறு என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம். ஆகவே முதல் மனுவில் உள்ளடக்கத்தைத் தொடாமல், மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிட்ட நாள், விசாரிக்கும் அலுவலரின் பதவி, விசாரணை முடிந்ததா, அறிக்கை எந்த நீதிமன்றத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். கோட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். விசாரணை முடிந்துவிட்டது என்று எழுத்தில் வந்த பிறகு நகலைக் கேட்டால், மறுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் குறைந்துவிடும்.

பண்ருட்டி லாரிக்காரர் எழுதுகிறார்:

அதே மனுவில் வெட்டுப்பட்ட ஓட்டுநர்களுக்கு அரசு இழப்பீடு ஏதாவது கொடுத்ததா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர் எழுதுகிறார்:

அது வேறு அலுவலகம் ஐயா. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போக வேண்டும், அதற்கு உங்கள் ஓட்டுநரே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. காயச் சான்றிதழையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் எடுத்துக்கொண்டு அவரை அனுப்பி வையுங்கள், விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன்.