கிறிஸ்டியன் இன்டர்நேஷனல் ஸ்கூல்ல லேர்னிங் சப்போர்ட்டுக்கு கூப்பிடறாங்க, ஒத்துக்கலாமா?

ரெட்டைவால்அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் கிரேட் 4, இந்த வருஷம்தான் ஒரு கிறிஸ்டியன் இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு மாத்தினோம், வீட்ல முழுக்க தமிழ்தான். கிளாஸ் டீச்சரும் லேர்னிங் சப்போர்ட் டீச்சரும் கூப்பிட்டு பேசினாங்க. வாய்ல கேட்டா நல்லா பதில் சொல்றான், ஆனா பாசேஜ் குடுத்தா பாதில நின்னுடறான், எழுதறதும் ரெண்டு வரிக்கு மேல போகல, அதனால வாரத்துல சில பீரியட் தனியா உக்கார வச்சு சொல்லிக் குடுக்கறோம், படிக்கறதுல எங்க சிக்கல்னு பாக்கற ஒரு அசெஸ்மென்ட்டும் பண்ணிடுங்கன்னு சொல்றாங்க. வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு வேற சொன்னாங்க. வீட்டுக்காரருக்கு இதுல இஷ்டமே இல்ல, பையன் மேல முத்திரை குத்திடுவாங்கன்னு பயப்படறார். நாங்க கிறிஸ்டியனும் இல்ல, அதனால சப்போர்ட், கவுன்சிலிங்ல எல்லாம் நம்ம பிள்ளைங்களையும் அதே மாதிரி பாத்துப்பாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சாக்பீஸ்:
சிஸ், நான் இதே மாதிரி ஸ்கூல்ல லேர்னிங் சப்போர்ட் டீச்சர். முதல்ல வீட்ல தமிழ நிறுத்தாதீங்க, தயவுசெஞ்சு. தமிழ்ல கதை சொல்லத் தெரிஞ்ச பிள்ளைக்கு அந்த யோசிக்கற பழக்கம் இங்கிலீஷுக்கும் வரும். ஜிம் கம்மின்ஸ்னு கனடா ஆராய்ச்சியாளர் சொன்னது எங்க பீல்டுல எல்லாருக்கும் தெரியும், புது மொழில விளையாட்டுப் பேச்சு 2 வருஷத்துல வந்துடும், பாடப்புத்தக மொழி பிடிபட 5 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஆகும். அதனால நல்லா பேசறான் ஆனா படிக்க மாட்டேங்கறான்னா அது மொழி இன்னும் பழகாததாவும் இருக்கலாம், டிஸ்லெக்ஸியா (எழுத்துக் கூட்டிப் படிக்கறதுல வர்ற சிரமம்) மாதிரி வேற விஷயமாவும் இருக்கலாம், ரெண்டுக்கும் குடுக்கற உதவி வேற வேற. பல ஸ்கூல்ல இதுக்கு ரெண்டு டீமே தனித்தனியா இருக்கும், உங்க பையன் எந்த டீம்ல வர்றான், ஏன்னு நேரா கேளுங்க. பழைய ஸ்கூல்ல தமிழ் படிச்சிருப்பான்ல, ஒரு புது தமிழ் பக்கத்த குடுத்து பக்கத்துல உக்காந்து கேளுங்க. தமிழ் சரளமா வந்தா இங்கிலீஷ் பழக்கம்தான் பத்தலன்னு ஓரளவு நம்பலாம், தமிழ்லயும் அதே தடுமாற்றம்னா அசெஸ்மென்ட்ட தள்ளிப் போடாதீங்க.

தோத்திரம்:
அக்கா, நாங்க கிறிஸ்டியன் குடும்பம், பிள்ளைங்க இந்த மாதிரி ஸ்கூல்லதான் படிக்கறாங்க. கவனிப்புல மதம் பாத்து நான் பாத்ததில்ல. இந்த மாதிரி ஸ்கூல்கள்ல நிறைய மிஷனரி பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சது, கொடைக்கானல் ஸ்கூல் 1901ல, இப்ப பினாங்குல இருக்கற தலாத் ஸ்கூல் 1929ல வியட்நாம்ல. ஊர் விட்டு ஊர் வந்து தனியா நிக்கற பிள்ளைய சேத்துக்கறது அவங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே இருக்கற வேலை. ஒண்ணு மட்டும் தெளிவா கேட்டுக்கோங்க, சாப்ளின், அதாவது ஸ்கூல் போதகர் வேற, ட்ரெயினிங் எடுத்த கவுன்சிலர் வேற. மனசு விட்டு பேச சாப்ளின் ரொம்ப நல்லவர்தான், ஆனா பிள்ளை ராத்திரி தூங்காம பயந்துட்டு இருந்தா கவுன்சிலர் கிட்டதான் போகணும், ஜெபத்தோட நின்னுடக் கூடாது. நானும் ஜெபம் பண்றவதான், அதனாலதான் சொல்றேன்.

பத்தாம்கிளாஸ்அப்பா:
வீட்டுக்காரர்கிட்ட இத சொல்லுங்க மேடம். கேம்பிரிட்ஜ், ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) மாதிரி போர்டுல எக்ஸாமுக்கு 25 சதவீதம் எக்ஸ்ட்ரா டைம் மாதிரி வசதி இருக்கு, ஆனா கடைசி நேரத்துல போயி கேட்டா குடுக்க மாட்டாங்க, ரிப்போர்ட் வேணும், கிளாஸ்லயே அந்த பிள்ளைக்கு வழக்கமா அப்படித்தான் குடுத்துட்டு வந்தோம்னு ஸ்கூலும் காட்டணும். இப்ப முத்திரைன்னு பயந்து விட்டா அப்புறம் பிள்ளைதான் கஷ்டப்படும். இன்னொன்னு, அமெரிக்கன் சிலபஸ் ஸ்கூலா இருந்தா ஐஇபின்னு அந்த பிள்ளைக்குன்னே போட்ட ஒரு பிளான் பேப்பர் குடுப்பாங்க, அமெரிக்காவுல அதுக்கு பின்னாடி சட்டம் இருக்கு, வெளிநாட்டு பிரைவேட் ஸ்கூல்ல அந்த சட்டம் செல்லாது, ஸ்கூல் பாலிசிதான் எல்லாம். அதனால எத்தன பீரியட், யார் எடுப்பாங்க, எந்த பாடத்த விட்டுட்டு போறான், முன்னேற்றத்த எப்படி அளப்பாங்க, பீஸ் தனியா உண்டான்னு எல்லாத்தையும் எழுத்துல வாங்கிடுங்க. அவனுக்கு பிடிச்ச ஆர்ட் பீரியட்லயோ விளையாட்டு பீரியட்லயோ கூட்டிட்டு போறத மட்டும் ஒத்துக்காதீங்க. எங்க வீட்டுப் பொண்ண அப்படித்தான் பண்ணாங்க, சப்போர்ட் ரூம்னாலே அழ ஆரம்பிச்சுட்டா.

ரெட்டைவால்அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாக்பீஸ் மேடம், நேத்து தமிழ் படிக்க வச்சு பாத்தேன். "படம்"ன்னு இருக்கறத "பாடம்"ங்கறான், "கொடு"வ "கெடு"ன்னு படிக்கறான், பெரிய வார்த்தை வந்தா முதல் எழுத்த மட்டும் பாத்துட்டு குத்துமதிப்பா ஏதோ சொல்றான். அதே கதைய நான் படிச்சு காட்டினா ஒண்ணு விடாம திருப்பி சொல்றான்.

சாக்பீஸ்:
அப்ப அசெஸ்மென்ட் பண்ணிடுங்க சிஸ். நீங்க இங்க எழுதினத அப்படியே அசெஸ்மென்ட் பண்ற எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்கிட்ட குடுங்க, தமிழ்ல என்ன தப்பு, இங்கிலீஷ்ல என்ன தப்புன்னு ரெண்டும் அவங்களுக்கு வேணும். வீட்டு மொழி தமிழ்னு கண்டிப்பா சொல்லணும், இல்லன்னா இங்கிலீஷ் வார்த்தை தெரியாததையும் அறிவுக் குறைன்னு மார்க் போட வாய்ப்பிருக்கு. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேணாம், பாசேஜ யாராவது படிச்சு காட்டட்டும், பதில வாய்ல வாங்கிக்கோங்கன்னு கிளாஸ் டீச்சர்கிட்ட நாளைக்கே மெயில் போடுங்க, அதுக்கு எந்த ரிப்போர்ட்டும் தேவையில்ல.