முதலில் செய்தது போத்தமா, பெட்டி வில்சனா?

கல்லி: ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் இங்கிலாந்தின் இயன் போத்தம்தான். 1980, வான்கடே, 114 ரன், 13 விக்கெட். சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். பெண்கள் கிரிக்கெட்டில் யாரோ முன்பே செய்துவிட்டார்கள் என்று இங்கே கதை விடுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

ஸ்கோர்புக் அக்கா: யாரோ இல்லை, அவருக்குப் பெயர் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன். 1958 பிப்ரவரி, மெல்போர்ன் செயின்ட் கில்டா, எதிரணி இங்கிலாந்து. முதல் இன்னிங்ஸில் 7 ரன்னுக்கு 7 விக்கெட், அதில் ஹாட்ரிக் வேறு, அதாவது அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட். பெண்கள் டெஸ்டில் அதுதான் முதல் ஹாட்ரிக். அப்புறம் மட்டையோடு வந்து 100. மறுபடி பந்தோடு வந்து 9 ரன்னுக்கு 4. போத்தமுக்கு 22 வருடம் முன்பு!

பவுன்சர்77: அந்த இங்கிலாந்து 35 ரன்னில் சுருண்ட அணி. ஈரப் பிட்ச். எங்கள் தெரு டீமே சுருட்டியிருக்கும்.

ஸ்கோர்புக் அக்கா: அதே பிட்சில் ஆஸ்திரேலியா 38. அதில் அதிக ரன் 12, அடித்தது வில்சன். உங்கள் தெரு டீமை அங்கே நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

பவுன்சர்77: சரி, ஜெயித்தார்களா? டிராதானே.

கல்லி: நான் ஆண்கள் டெஸ்டைத்தான் சொன்னேன்.

ஸ்கோர்புக் அக்கா: இல்லை. "முதல் ஆள்" என்று எழுதினீர்கள். மேலே போய்ப் படியுங்கள். பெண் ஆள் இல்லையா?

தேநீர் இடைவேளை: ஆலன் டேவிட்சனை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. 1960, இரு அணியும் சம ரன்னில் முடித்த பிரிஸ்பேன் டை டெஸ்ட், 124 ரன், 11 விக்கெட்.

ஸ்கோர்புக் அக்கா: தம்பி, அது 44உம் 80உம். சதம் எங்கே? அதோடு 1960 என்பது 1958க்குப் பிறகு வரும்.

பவுன்சர்77: வில்சனுக்கு "பெண் பிராட்மன்" என்று பட்டம் வேறு. ஆஸ்திரேலிய மட்டை மேதை பிராட்மனின் ரன் சராசரி 99.94. இவருக்கு 57.

ஸ்கோர்புக் அக்கா: பிராட்மன் டெஸ்டில் எடுத்த விக்கெட் இரண்டே இரண்டு. வில்சன் எடுத்தது 68, அதுவும் 11.80 சராசரியில். பத்து வருடத்தில் கிடைத்ததே 11 டெஸ்ட்தான், அதில் 862 ரன். 1951 இங்கிலாந்துப் பயணத்துக்காகத் தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டார். யாருக்காவது தெரியுமா?

கல்லி: கல்யாணக் கதை எதற்கு? போன மாதம் பாகிஸ்தானின் இம்ரான் கான் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நீங்களே பக்கம் பக்கமாக எழுதி எங்களை வாயடைத்தீர்கள்.

ஸ்கோர்புக் அக்கா: அன்று இம்ரானும் இதையே செய்த 1983 ஃபைசலாபாத் டெஸ்டை மறந்தது நீங்கள். 117 ரன், 11 விக்கெட். நான் சொன்ன பிறகுதான் தேடினீர்கள்.

கல்லி: தெரிந்தே விட்டேன்.

தேநீர் இடைவேளை: அக்கா, இங்கிலாந்துப் பெண்கள் அணியின் எனிட் பேக்வெல்? 1979, எட்ஜ்பாஸ்டன், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 112 நாட் அவுட், 10 விக்கெட்.

ஸ்கோர்புக் அக்கா: நன்றாக நினைவுபடுத்தினாய் தம்பி. அதுவும் 1980க்கு முன்பு. ஆக, போத்தம் இரண்டாவது ஆள்கூட இல்லை, மூன்றாவது.

கல்லி: முதல் ஆண். நான் சொன்னது அதுதான்.

ஸ்கோர்புக் அக்கா: "முதல் ஆள்".

கல்லி: முதல் ஆண்!

ஸ்கோர்புக் அக்கா: எழுதியது அப்படியே இருக்கிறது. "முதல் ஆள்".

பவுன்சர்77: 35 ரன் அணி.