தாச்சிங்கில் வீடு: சார்த்துவா, ராங்ஹூலுவா? இன்றிரவுக்குள் சொல்ல வேண்டும்

புதுக்குடித்தனம்:
வணக்கம். கணவரின் வேலைக்காகச் சீனாவின் எண்ணெய் நகரமான தாச்சிங் வந்திருக்கிறோம். கம்பெனி கொடுத்த ஹோட்டல் ஞாயிறோடு முடிகிறது. ஏஜென்ட் இரண்டு வீடு காட்டினார். ஒன்று சார்த்துவில், இன்னொன்று ராங்ஹூலுவில். எது என்று இன்றிரவே சொல்லாவிட்டால் கைவிட்டுப் போய்விடுமாம். இரண்டுக்கும் நடுவில் டாக்சியில் போனால் ஊர் முடிந்துவிடுகிறது, நாணலும் ஏரியுமாக வருகிறது, அப்புறம் திரும்ப ஊர் ஆரம்பிக்கிறது. எது டவுன் என்றே புரியவில்லை. ராங்ஹூலு வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தை ஒட்டி, ஒரு எண்ணெய் பம்ப் வேலிக்குள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. பையன் கை தட்டுகிறான். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. ஆபத்து ஒன்றும் இல்லையே? யாராவது அங்கே இருந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஹார்பின்_பழசு:
தங்கச்சி, வீடு கிடக்கட்டும். குளிருக்கு என்ன வைத்திருக்கிறாய்? நான் படித்தது ஹார்பினில். தாச்சிங் அங்கிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், குளிரும் அதே குளிர்தான். ஜனவரியில் மைனஸ் 30 எல்லாம் அங்கே யாரும் பெரிதாகப் பேசாத சாதாரண விஷயம். நான் அங்கே படித்த காலத்தில் மூக்குக்குள் முடி உறைந்து குத்தும், கண்ணாடி ஃப்ரேம் கன்னத்தைச் சுடும், போனை வெளியே எடுத்தால் அணைந்துவிடும். அப்போது எல்லாம் இப்படிக் கேட்க யாரும் கிடையாது. சென்னை ஜாக்கெட்டை நம்பாதே. முழங்காலுக்குக் கீழே இறங்குகிற கோட்டை அங்கேயே வாங்கு.

புதுக்குடித்தனம்:
கோட் வாங்கியாயிற்று அண்ணா. வீடு?

நரிமணத்தான்:
கண்ணை மூடிக்கொண்டு ராங்ஹூலு எடுங்கள். எண்ணெய்வயல் கம்பெனியின் தலைமையகமே அங்கேதான். ஊழியர் குடியிருப்பு, பார்க், கடை எல்லாம் நெருக்கமாக இருக்கும். எண்ணெய்க் கிணற்றில் செலுத்தும் பாலிமர் விற்கிற வேலையில் நான் அங்கே இருந்தவன்.

டவுன் கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. 1959 செப்டம்பர் 26 அன்று தாத்தோங் பக்கம் சோங்ஜி 3 என்ற கிணற்றில் எண்ணெய் வந்தது. அதுவரை உப்பு பூத்த புல்வெளியும் சதுப்பும்தான். சார்த்து, ரயில்பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். அடுத்த ஆண்டே நாடு முழுவதிலிருந்தும் பல்லாயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தங்க இடமில்லை, மண்ணை இடித்துச் சுவர் எழுப்பிக் கொண்டார்கள். பெரிய நகரம் கட்டாதே, கிணற்றுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பு, அதைச் சுற்றி வயல் என்பது அன்றைய கொள்கை. 1962-ல் பிரதமர் சூ என்லாய் வந்து பார்த்துவிட்டு அதையே வலியுறுத்தினார். ஆண்கள் கிணறு துளைக்கும் ரிக்கில், பெண்கள் வயலில். அப்படித்தான் ஊர் ஒரு இடத்தில் குவியாமல் எண்ணெய் இருந்த இடத்துக்கெல்லாம் சிதறியது. தாச்சிங் என்ற பெயரில் நகரமானதே 1979-ல்தான். ஏரிகளை நிரப்பி நடுவே கட்டவும் முடியாது, அடியில் கிணறுகள் வேறு.

பம்ப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கள் நரிமணத்தில் எண்ணெய்க் கிணறு வயலுக்கு நடுவில் இருக்கும், அங்கே சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கிறது, அவ்வளவுதான். பையனை வேலி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்குவாசி:
ராங்ஹூலு வேண்டவே வேண்டாம் சகோதரி. அது எண்ணெய்க் கம்பெனிக் குடும்பங்களின் ஊர். மூன்று தலைமுறையாக ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், நீங்கள் என்றைக்கும் விருந்தாளிதான். நகராட்சி அலுவலகம், ஹைடெக் பகுதி, பெட்ரோலியப் பல்கலைக்கழகம் எல்லாம் கிழக்கே, சார்த்துப் பக்கம். வெளிநாட்டு மாணவர்கள் இருப்பதால் நம் முகத்தைப் பார்த்து யாரும் பஸ்ஸில் திரும்பி உட்கார மாட்டார்கள்.

நரிமணத்தான்:
கிழக்கா? எட்டு வழிச் சாலை, ஆள் நடமாட்டம் இல்லாத சதுக்கம். குளிர்காலத்தில் அந்தச் சாலையைக் குறுக்கே கடந்து பாருங்கள், தெரியும்.

யாழ்_மருத்துவம்:
அக்கா, நான் ஹார்பினில் மெடிசின் படிக்கிறேன், தாச்சிங்குக்கு வந்து போவது உண்டு. எந்த வீடு என்றாலும் குசினியில் காற்று உறிஞ்சி நன்றாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். டிசம்பரில் ஜன்னல் திறக்க ஏலாது, தாளித்த மணம் ஒரு கிழமைக்கு நிற்கும். உளுந்தை ஆன்லைனில் தேடித்தான் வாங்க வேணும். கறிவேப்பிலையை மறந்துவிடுங்கள். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாய் மூன்றையும் பொரித்துப் பிரட்டி ஒரு கறி எல்லாக் கடையிலும் கிடைக்கும். நான் அதில்தான் உயிர் வாழ்ந்தேன். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

ஹார்பின்_பழசு:
அரிசியைக் குறை சொல்லாதே தம்பி. இந்த ஹெய்லோங்ஜியாங் மாகாண அரிசிக்குச் சீனா முழுக்க மவுசு.

யாழ்_மருத்துவம்:
அரிசியை யார் அண்ணா குறை சொன்னது? அதில் புட்டு அவியுங்கள் பார்ப்போம்.

சலித்தவன்:
எனக்கு அந்த ஊரில் குளிரோ சாப்பாடோ பிரச்சினை இல்லை. இரும்பு மனிதர்தான். சதுக்கம், சாலை, பள்ளிக்கூடம் எல்லாம் அவர் பெயர். வாங் ஜின்ஷி, 1205-ஆம் துளையிடும் குழுவின் தலைவர். 1960-ல் கிணறு சீறியபோது கலவைத் தொட்டிக்குள் குதித்து உடம்பாலேயே சிமென்டைக் கலக்கியவர். மனிதர் பெரியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று ஆபீஸில் சொன்னால்கூட, கிரேன் இல்லாமல் 60 டன் ரிக்கைத் தோளில் இழுத்துக்கொண்டு போன கதையைச் சொல்கிறார்கள். நினைவகத்தில் 47 படி ஏற வேண்டும், அவர் வாழ்ந்த 47 ஆண்டுகளுக்கு. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டி எனக்கு முழங்கால் போனது.

அது இருக்கட்டும். அந்த ஊர் இறங்குமுகம், அதைத் தெரிந்துகொண்டு வாடகை பேசுங்கள். 1976-லிருந்து 2002 வரை ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்குக் குறையாமல் எண்ணெய் எடுத்தார்கள். இப்போது 3 கோடி சொச்சம். மேலே வருவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஜனத்தொகை 2010-ல் 29 லட்சம், 2020-ல் 27.8 லட்சம். இளைஞர்கள் தெற்கே போய்விட்டார்கள்.

நரிமணத்தான்:
இறங்குமுகம் என்று இருபது வருஷமாகச் சொல்கிறார்கள். தண்ணீர் கலந்து வருவதால்தானே பாலிமர் போட்டு மிச்ச எண்ணெயைத் தள்ளுகிறார்கள்? அதில் உலகத்துக்கே அவர்கள்தான் வாத்தியார். 2021-ல் குலோங் பகுதியில் ஷேல் எண்ணெய், அதாவது பாறைக்குள் சிக்கிய எண்ணெய், பெரிய அளவில் இருப்பதாக அறிவித்தார்கள். வால்வோ கார் அங்கே செய்து ரயிலில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

சலித்தவன்:
ஒரு தொகையைக் கையில் கொடுத்து வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் 2002-ல் அதே இரும்பு மனிதர் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டார்களே, அது எந்தப் பாலிமரில் சேர்த்தி?

கிழக்குவாசி:
இதையெல்லாம் வீட்டு ஓனரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் சகோதரி. அவருடைய அப்பாவே அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம்.

கோவை_ஷாங்காய்:
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பெண் இன்றிரவு பதில் சொல்ல வேண்டும். இதுவரை ஒருவரும் கேட்காததைக் கேட்கிறேன். அம்மா, உங்கள் கணவருக்கு வேலை ஊரின் எந்தப் பக்கம்? சீனாவுக்குள் வந்து எத்தனை நாள் ஆயிற்று? உங்கள் விசா என்ன?

புதுக்குடித்தனம்:
அவர் மீட்டிங்கில் இருந்தார், இப்போதுதான் கேட்டேன். லோங்ஃபெங்காம். பெட்ரோகெமிக்கல் ஆலையில் மெயின்டனன்ஸ். வந்து மூன்று வாரம் ஆகிறது. எனக்கும் பையனுக்கும் எஸ்1 விசா, குடும்பத்தினர் நீண்ட நாள் தங்குவதற்கானது.

நரிமணத்தான்:
லோங்ஃபெங்கா! அது ஊரின் கிழக்குக் கோடி, ராங்ஹூலு மேற்குக் கோடி. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு டைப் அடித்திருக்க மாட்டேன். சார்த்துவே எடுங்கள்.

கோவை_ஷாங்காய்:
சார்த்துதான். லோங்ஃபெங்கிலேயே தேடலாமே என்பார்கள். ஆலைப் பக்கம் காற்று அடிக்கிற நாளில் வாடை இருக்கும், சின்னப் பையனை வைத்துக்கொண்டு வேண்டாம்.

அதைவிட அவசரம் விசா. உள்ளே நுழைந்து 30 நாளுக்குள் நீங்களும் பையனும் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். உங்களுக்கு மிச்சம் ஒரு வாரம்தான். இருப்பிடப் பதிவுச் சீட்டு இல்லாமல் மனுவை வாங்க மாட்டார்கள். ஹோட்டலில் அவர்களே பதிந்துவிடுவார்கள். வீடு மாறினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் பதிய வேண்டும். அதற்கு ஓனரின் வீட்டுப் பத்திர நகல் தேவை, ஓனரே கூட வந்தால் நல்லது. வர மாட்டேன் என்று சொல்கிற ஓனரின் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஊருக்குப் பொதுவான ஹீட்டிங் அக்டோபர் நடுவாக்கில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும். பணம் சதுர மீட்டர் கணக்கில் சீசனுக்கு ஒரே முறை, நல்ல தொகை. வாடகையில் சேர்த்தியா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கட்டடத்தின் ஓரத்து வீடு, கடைசி மாடி இரண்டும் குளிரும். நடு வீடாக, தெற்குப் பார்த்ததாகக் கேளுங்கள். ரயில் டிக்கெட் எடுக்கும்போது தாச்சிங், தாச்சிங் கிழக்கு, தாச்சிங் மேற்கு மூன்றும் வேறு வேறு ஸ்டேஷன். உங்கள் கணவருக்குப் பக்கம் கிழக்கு.

புதுக்குடித்தனம்:
ஏஜென்ட்டிடம் பேசிவிட்டேன். சார்த்து வீட்டு ஓனர் அம்மா போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறாராம். வீடு தெற்குப் பார்த்தது, ஆனால் கடைசி மாடி. அதே கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒன்று காலியாகிறதாம், வாடகை கொஞ்சம் கூட. ஹீட்டிங் பணம் பாதிப் பாதி என்கிறார்.

கோவை_ஷாங்காய்:
நாலாவது மாடியை எடுங்கள். ஹீட்டிங் முழுவதும் ஓனர் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள், காலி வீடுகள் நிறைய உள்ள ஊர், ஒத்துக்கொள்வார். போன வருஷத்து ஹீட்டிங் ரசீதைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.