அந்த 163-ஐ யார் பார்த்தது?

ரேடார் ராசா:
நேற்று ஒருத்தர் இங்கே எழுதியிருந்தார்: “பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஜப்பான் பேஸ்பால் பந்துவீச்சாளர் ரோக்கி சசாகி மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் பந்து போட்டுவிட்டான், அதுக்கு மேல் ஸ்கவுட்டுக்கு (அணிக்கு ஆள் தேடுகிறவருக்கு) என்ன வேலை, கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியதுதானே.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்த 163 எங்கே வந்தது என்றாவது தெரியுமா? 2019 ஏப்ரலில், நாராவில் 18 வயதுக்குட்பட்டோருக்கான முகாமில், பையன்கள் தங்களுக்குள் அணி பிரித்து ஆடிய ஆட்டத்தில், வலைக்குப் பின்னால் இருந்த சுனிச்சி என்ற தொழில்முறை அணியின் ஸ்கவுட்டிடம் இருந்த ஸ்பீடு கன்னில் (பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கருவியில்) வந்தது. ஸ்கோர்போர்டில் இல்லை, போட்டியிலும் இல்லை. இன்னொரு ஜப்பான் வீரர் ஒஹ்தானி பள்ளியில் படிக்கும்போது 2012இல் போட்ட 160, இவாத்தே மாகாண அரையிறுதியில் ஊரே பார்க்க வந்தது. பள்ளிப் போட்டியில் சசாகி தொட்டதும் அதே 160தான். அப்புறம் எதற்கு இந்த 163 பஜனை?

கோஷியன் பித்தன்:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம், “ஒருத்தர்” என்று ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? 2023 ஏப்ரலில் லோட்டே என்ற தொழில்முறை அணிக்காக ஆடும்போது 165 போட்டாரே, அதுவும் ஸ்கவுட் கை வேலையா? 165 போடுகிறவன் 163 போட்டிருக்க மாட்டானா?

ரேடார் ராசா:
2019இல் அவருக்கு 17 வயது, 2023இல் 21. நடுவில் நாலு வருஷச் சாப்பாடும் ஜிம்மும் இருக்கிறது. 21 வயதில் செய்ததை வைத்து 17 வயதுக் கணக்கைச் சரி பார்ப்பது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. 163-ஐப் பற்றிக் கேட்டால் 163-ஐப் பற்றிச் சொல்லுங்கள்.

டல்லாஸ்வாசி:
இங்கே டெக்சாஸில் டைலர் கோலெக் என்று ஒரு பள்ளிப் பையன் இருந்தான், மணிக்கு 100 மைல் (161 கிலோமீட்டர்) போட்டான். 2014 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில்) மயாமி அணி அவனை இரண்டாவது ஆளாக எடுத்தது. முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை (கிழிந்த தசைநாரை மாற்றுவது), கடைசி வரைக்கும் அமெரிக்காவின் உயர்மட்ட மேஜர் லீக் பக்கமே வரவில்லை. ஆகவே 163-ஆ 160-ஆ என்பதே வெட்டிப் பேச்சு. நல்ல ஸ்கவுட் கன்னைக் கீழே வைத்துவிட்டுத்தான் பார்ப்பார்: ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு கை கீழே இறங்குகிறதா, ஃபோர்க்பால் (பேட்டர் முன்னால் திடீரென்று கீழே இறங்கும் பந்து) போடும்போதும் கை அதே வேகத்தில் வருகிறதா, இடது காலை முகம் வரைக்கும் தூக்கிவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஊன்றுகிறானா. முதலில் “நல்ல பிராஸ்பெக்ட்” (பிற்காலத்தில் தேறுவான் என்று நம்பும் பையன்) என்றால் என்ன என்று முடிவு பண்ணிக்கொண்டு பேசலாமே?

ரேடார் ராசா:
கோலெக்குக்கு வேறு இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு 163. ஒரே ஒரு கன், அதுவும் ஓரமாக உட்கார்ந்திருந்தால் கோணம் தப்பும்.

கோஷியன் பித்தன்:
மாட்டினீர்களா! கோணம் தப்பினால் ரேடார் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. பந்து வரும் கோட்டுக்கு நேரே இருந்தால்தான் முழு வேகமும் கிடைக்கும். ஓரமாக இருந்து 163 என்றால் உண்மையில் 164 கூட இருக்கலாம். பெயரில் மட்டும் ரேடார்.

ரேடார் ராசா:
என் பெயரை விடுங்கள். அப்படியானால் பக்கத்தில் இருந்த மற்ற ஸ்கவுட்டுகளின் கன்கள் என்ன காட்டின? அதைச் சொல்லுங்கள். இன்னொன்று. கன்னை வைத்திருந்த சுனிச்சி அணி, அதே வருஷம் அக்டோபரில் நடந்த டிராஃப்டின் முதல் சுற்றில் யாரைக் கேட்டது? இஷிகாவாவை. மூன்றாவது பேஸில் நின்று ஃபீல்டிங் செய்கிற பையனை! சசாகியைக் கேட்டது லோட்டே, செய்பு, ரகுடென், நிப்பான் ஹாம், நாலே அணிகள். பல அணிகள் ஒரே ஆளைக் கேட்டால் குலுக்கல், அதில் லோட்டேக்குப் போனார். தன் கன்னில் 163 பார்த்த அணியே கேட்கவில்லை, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்கிறீர்கள்.

கோஷியன் பித்தன்:
இஷிகாவா நகோயாவிலேயே படித்த உள்ளூர்ப் பையன், அதனால் கேட்டார்கள். அதற்கும் 163-க்கும் சம்பந்தமே இல்லை.

கடைசிப் பெஞ்சு:
எல்லாரும் கன்னைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எனக்கு ஆறாதது 2019இல் சசாகியின் பள்ளிப் பயிற்சியாளர் கொகுபோ செய்ததுதான். மாகாண இறுதிப் போட்டி, ஜெயித்தால் கோஷியன் (தேசியப் பள்ளிப் போட்டி), சசாகியைக் களத்துக்கே அனுப்பவில்லை. 12-2 என்று உதை வாங்கிக்கொண்டு வந்தார்கள். கூடப் படிக்கும் நண்பர்களோடு ஆட வேண்டும் என்று பெரிய பள்ளிகளை விட்டுவிட்டு ஓஃபுனாட்டோ பள்ளிக்கு வந்த பையன் அவன். மற்ற பிள்ளைகள் மூன்று வருஷம் உழைத்தது எதற்கு?

டல்லாஸ்வாசி:
இறுதிக்கு நாலு நாளுக்கு முன்னால் சசாகி போட்டது 12 இன்னிங்ஸ், 194 பந்து. இறுதிக்கு முந்தின நாள் 129 பந்து. எலும்பு இன்னும் முற்றவில்லை என்று அந்த வருஷமே செய்தி வந்தது. நானாக இருந்தால் அரையிறுதியிலேயே நிறுத்தியிருப்பேன்.

கடைசிப் பெஞ்சு:
1998 கோஷியனில் மட்சுசாகா என்ற பள்ளி மாணவர் கால் இறுதியில் 17 இன்னிங்ஸ், 250 பந்து போட்டார், இறுதியில் நோ ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்). அவர் கை கழன்றா விழுந்தது? ஏசி அறையில் உட்கார்ந்து எலும்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

டல்லாஸ்வாசி:
மட்சுசாகாவுக்கும் 2011இல் டாமி ஜான் நடந்தது. ஏசி அறையில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

ரேடார் ராசா:
அந்த இறுதி நாளில் இறங்கியிருந்தால் ஸ்கோர்போர்டில் 163 வருகிறதா என்று நாமும் பார்த்திருப்போம். வரவில்லை.

கோஷியன் பித்தன்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். 2022 ஏப்ரலில் சசாகி 19 ஸ்டிரைக் அவுட்டோடு பெர்பெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத ஆட்டம்) போட்ட அன்றைக்கும் நீங்கள் “எதிரணி பலவீனம்” என்று எழுதியவர்தானே? அந்த எதிரணி ஒரிக்ஸ், அந்த வருஷமே ஜப்பான் சீரிஸ் என்ற சாம்பியன் பட்டத்தை ஜெயித்தது. இன்றுவரை அதற்குப் பதில் இல்லை.

ரேடார் ராசா:
தம்பி, அது வேறு விவாதம், அதைக் கிளற வேண்டாம்.

கோஷியன் பித்தன்:
எனக்கு 46 வயது. தம்பி கிம்பி எல்லாம் வேண்டாம்.

லோட்டே ரசிகை:
ஒரு விஷயம் சொல்லவா? லோட்டே சசாகியை 2020 முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. உடம்பைத் தேற்றுவதற்கே ஒரு வருஷம் போனது. 163-ஐ நம்பி எடுத்திருந்தால் மறுநாளே இறக்கியிருப்பார்களே?

ரேடார் ராசா:
அப்படிச் சொல்லுங்கள், நன்றி. 163-ஐ லோட்டேயும் நம்பவில்லை.

லோட்டே ரசிகை:
நான் அதைச் சொல்லவில்லை. அவ்வளவு வேகம் இருந்ததால்தான் பத்திரமாக வைத்தார்கள் என்கிறேன்.

ரேடார் ராசா:
எழுதியதை எழுதிவிட்டீர்கள். பித்தன் சார், 46 வயதுக்காரரே, மற்ற கன்கள் என்ன காட்டின? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

கோஷியன் பித்தன்:
இரண்டாவது தடவை. எண்ணவே தெரியாதவர் ஸ்பீடு கன்னைச் சந்தேகப்படுகிறார்.