புதுப்பிப்பு: 27 வயதில் சர்க்கரை நோயின் எல்லையில், மூன்று மாதத்துக்குப் பிறகு

மார்ச்சில் என் பரிசோதனை முடிவைப் பற்றி எழுதியது நினைவிருக்கலாம். அப்போது எடை 66 கிலோதான், பார்ப்பவர்கள் ஒல்லி என்பார்கள். ஆனால் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) 238, இடுப்பு 94 செ.மீ. (ஆசிய ஆண்களுக்கு 90 தான் எல்லை). நாளுக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில் வேலை.

நேற்று மறுபரிசோதனை முடிவு வந்தது. ஹெச்பிஏ1சி 5.7, டிரைகிளிசரைடு 161, இடுப்பு 90. எடை இரண்டு கிலோ மட்டுமே குறைந்தது. 5.7 இன்னும் எல்லைக்கோடுதான். ஆனாலும் தாளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

சோற்றை விட்டாயா என்று பலரும் கேட்டதால் சொல்கிறேன்: சோற்றை விடவில்லை. மூன்று கரண்டி ஒன்றரை ஆனது. அந்த இடத்தில் கொள்ளுச் சுண்டலும் கீரைப் பொரியலும் வந்தன. மாலை டீயில் சர்க்கரை இல்லை, பிஸ்கட்டும் இல்லை.

மிகவும் உதவியது சாப்பிட்டவுடன் நடந்த பதினைந்து நிமிடம் என்றே நம்புகிறேன். உணவுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் கணிசமான பங்கைத் தசைகள் இழுத்துக்கொள்கின்றன. அசையும் தசைக்கு அதற்கு இன்சுலினின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே நடந்தேன். முதல் வாரம் கெண்டைக்கால் வலித்தது.

அப்பாவுக்கு 41 வயதில் சர்க்கரை நோய் வந்தது. தம்பிக்கு இப்போது 23. சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் அவனையும் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன்.